நாணயம் திரட்ட நாணயம் வேண்டும்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. கையில் வைத்து எண்ணுவது ஒன்று. மனத்தில் வைத்து வாழ்வது மற்றொன்று. முதல் நாணயத்தைத் திரட்டத் தொடங்கிய எனக்கு, அதற்கு இரண்டாவது நாணயம் எவ்வளவு தேவை என்பது பிறகுதான் விளங்கிற்று. விளங்குவதற்கு நான் கொடுத்த விலை அறுநூறு ரூபாய். அந்தச் செலவு மன்ற நண்பர்கள் அனைவருக்கும் பயன்படட்டும் என்றே இதனை எழுதுகிறேன்.

சென்ற கூட்டத்தில் நண்பர் சிலர் ஒரு கருத்தைச் சொன்னார்கள். வருகின்ற தமிழ் விழாவில் பழைய வெள்ளி நாணயக் கண்காட்சி ஒன்று வைக்கவேண்டும். சோழர் காசு, சேரர் காசு, உரோமர் காசு என்று நாலைந்தாவது வாங்குவதற்கு மன்ற நிதியில் ஒரு தொகை ஒதுக்கவேண்டும் என்பது அக்கருத்து. கைதட்டலும் பலமாக இருந்தது. கண்காட்சி வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. காசு கொடுத்துக் காசு வாங்கவேண்டும் என்பதில்தான் மாறுபாடு. ஏன் என்று சொல்கிறேன். கேட்டபின் முடிவு உங்களுடையது.

சென்ற ஆண்டு நாம் விழிஞ்ஞம் சென்று வந்தது நினைவிருக்கும். கிழக்குக் கோட்டையில் பஸ் ஏறி, பாறையைக் குடைந்து எடுத்த அந்தச் சிறு கோயிலைப் பார்த்தோம். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். இருபுறமும் செதுக்கத் தொடங்கி முடியாமல் விட்ட சிற்பங்கள். உளியை வைத்துவிட்டு உண்ணப் போன சிற்பி திரும்பி வரவே இல்லையோ என்று ஒரு நண்பர் கேட்டார். ஆய் வேள் மரபினர் ஆண்ட ஊர் அது. பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் செப்பேடு அவன் விழிஞ்ஞத்தை வென்றதைப் பேசுகிறது. சோழரும் பின்னர் அங்கே வந்தனர். கிரேக்கர் எழுதிய பழைய கடல்வழி நூலில் வரும் பலிதா என்னும் துறை விழிஞ்ஞமே எனக் கருதும் ஆய்வாளரும் உளர். இன்று அதே கரையில் பெரிய பன்னாட்டுத் துறைமுகம் எழுந்திருக்கிறது. 2015 டிசம்பரில் வேலை தொடங்கி, 2025 மே 2 அன்று முறைப்படி திறக்கப்பட்டது.

இத்தனை வரலாற்றையும் ஒரே பகலில் கேட்ட மயக்கத்தில் நான் இருந்தேன். மீன்பிடித் துறைக்குப் போகும் வழியில் ஒருவர் துணி விரித்து உட்கார்ந்திருந்தார். விரிப்பில் மணிமாலை, சங்கு, ஓரத்தில் கறுத்த காசுகள். “எல்லாம் வெள்ளி தம்பி. துறைமுகத்துக்குக் கடலைத் தோண்டும்போது வந்தது. வெளியே சொல்லாதே” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்தத் தாழ்ந்த குரலில்தான் நான் விழுந்தேன். இரண்டு காசுகள் எடுத்தேன். ஒன்றில் புலி போன்ற ஓர் உருவம். மற்றொன்றில் ஒரு பக்கம் இராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் ஆங்கிலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும். உணவு விடுதிக் கட்டணத்துக்காக அப்பா அனுப்பிய பணத்தில் அறுநூறு ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

அன்று இரவு விடுதியில் எனக்குக் கிடைத்த மதிப்பை என்னென்பது! அறைக்கு வந்தவரெல்லாம் புலியைத் தடவிப் பார்த்தனர். இயற்பியல் படிக்கும் என் அறைத்தோழர் மட்டும் ஒன்றும் பேசாமல் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து வந்தார். சோழப் பேரரசின் புலி ஒரே தாவலாகத் தாவிக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. வெள்ளியைக் காந்தம் இழுக்காது என்பதைப் பள்ளியிலேயே படித்திருந்தேன். படித்தது ஏட்டோடு இருந்தது.

இராமர் காசின் கதையோ இன்னும் எளிது. கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. 1818-இல் சென்னை மாகாணத்தில் ஓடியது ஆர்க்காட்டு ரூபாய். அதில் இருப்பது மொகலாய மன்னர் பெயர், பாரசீக எழுத்தில். கம்பெனி தன் ஆட்சிப்பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயை வகுத்தது 1835-இல். தெய்வ உருவமும் கம்பெனிப் பெயரும் சேர்ந்து நாடெங்கும் விற்கப்படுபவை பிற்காலத்தில் யாரோ செய்து விட்ட வெறும் வில்லைகள். இதனை அறிய அரைமணி நேரம் நூலகத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். நான் உட்காரவில்லை. காசு வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. காசைப் பற்றி அறியவேண்டும் என்ற ஆசை இல்லை. தொடக்கநிலையில் இருக்கும் பலருடைய நோயும் இதுதான்.

விடுமுறையில் தக்கலை அருகேயுள்ள எங்கள் ஊருக்குச் சென்றபோது அந்த இரண்டு காசுகளையும் ஆச்சியிடம் காட்டினேன். எண்பத்தெட்டு வயது. கையில் வாங்கிய உடனே சொன்னாள்: “இதுல கனமே இல்லியே மக்ளே. சத்தமும் இல்ல.” எழுந்து போய்த் தன் பெட்டியைத் திறந்து ஒரு சுருக்குப் பையைக் கொண்டுவந்தாள். அதில் ஐந்தாம் ஜார்ஜ் தலையிட்ட ரூபாய் ஒன்று, 1919. ஆறாம் ஜார்ஜ் ரூபாய்கள் இரண்டு. சங்கு முத்திரையிட்ட திருவிதாங்கூர்ப் பணம் ஒன்று. சட்டைப் பொத்தானிலும் சிறிய, எழுத்தே இல்லாத வெள்ளிச் சக்கரம் ஒன்று.

சக்கரத்தைப் பற்றி ஆச்சி சொன்னதை எந்த வணிகரும் எனக்குச் சொல்லியிருக்கமுடியாது. பதினாறு காசு ஒரு சக்கரம். நாலு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். வெள்ளைக்காரன் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த அரைச் சக்கரத்தில் எத்தனையோ சண்டை நடக்குமாம். அரைக் கிராமுக்கும் குறைந்த எடையுள்ள இந்தச் சக்கரங்களை எப்படி எண்ணுவது? அதற்கென்று சக்கரப் பலகை உண்டு. பலகை நிறையச் சிறு குழிகள். சக்கரங்களைக் கொட்டிப் பலகையை அசைத்தால் குழிக்கு ஒன்றாக விழும். மிகுந்ததைத் தள்ளிவிட்டால் கணக்குச் சரி. தன் தாயின் அப்பா பலகை அசைப்பதைச் சிறுமியாக இருந்தபோது பார்த்ததை ஆச்சி கையாலேயே அசைத்துக் காட்டினாள். 1956 நவம்பர் 1-இல் எங்கள் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனால் ஆச்சியின் வாய்க்கணக்கில் சக்கரமும் பணமும் அதன்பிறகும் நெடுநாள் ஓடின.

“இவ்வளவுதானா ஆச்சி? இன்னும் இருந்ததா?” என்று கேட்டேன்.

“பதினெட்டு ரூவா இருந்துது. எனக்க அம்மை தந்தது. உனக்க காலேஜ் பீசுக்குத்தானே மக்ளே போட்டுது” என்றாள். சாலைக் கடையில் எடைக்குப் போட்டார்களாம். கடைக்காரர் ஆண்டைக்கூடப் பார்க்காமல் தராசில் கொட்டினாராம்.

என்னிடம் பேச்சில்லை. மெய்யான வெள்ளியை விற்று என்னைப் படிக்க அனுப்பினார்கள். படிக்க வந்த நான் பொய்யான வெள்ளியை வாங்கி வந்து நிற்கிறேன்! இந்த வெட்கத்தைவிடப் பெரிய ஆசிரியரை நான் இதுவரை கண்டதில்லை.

அத்துடன் முடியவில்லை. மீதியிருந்ததையும் உருக்கிப் பேத்திக்குக் கொலுசு செய்யலாம் என்று சித்தி சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளி விலை ஏறியிருக்கும் காலம். எங்கள் ஊரில் மட்டுமன்று, எல்லா ஊரிலும் பெட்டிகள் திறக்கப்படுகின்றன. நான் வரலாறு, பண்பாடு என்று நீளப் பேசினேன். சித்தி அமைதியாகக் கேட்டார்: “பெட்டிக்குள்ள கிடந்து யாருக்கு என்ன பயன்? பிள்ளை காலில் கிடந்தா நாலு பேர் காது கேக்கும்.” இதற்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. இன்றும் அந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிடமாட்டேன்.

ஏனென்றால், அந்த 1919-ஆம் ஆண்டு ரூபாயே உருக்கிப் பிறந்ததாக இருக்கலாம். முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்குக் கடும் தட்டுப்பாடு. 1917-இல் ஒரு ரூபாய்த் தாள் வந்ததே அதனால்தான். 1918-இல் அமெரிக்கா ஒரு சட்டம் செய்து, தன் கருவூலத்திலிருந்த வெள்ளி டாலர்களைக் கோடிக்கணக்கில் உருக்கி, சுமார் 20 கோடி அவுன்ஸ் வெள்ளியைப் பிரிட்டனுக்கு விற்றது. அது இந்தியாவுக்கு வந்து ரூபாயாயிற்று. ஆக, தக்கலைக் கிழவியின் சுருக்குப் பையில் அமெரிக்க வெள்ளி படுத்திருக்கக்கூடும். உருக்குவது பாவம் என்று நான் எந்த முகத்தோடு சொல்வது? என் கட்சி அதுவன்று. உருக்குமுன் பாருங்கள், எடை போடுங்கள், எழுதி வையுங்கள் என்பதே என் கட்சி. பதினெட்டு ரூபாயும் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அவற்றின் ஆண்டுகளைக்கூட எழுதாமல் போனதில்தான் வருத்தம்.

சித்தியோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டேன். ஆறாம் ஜார்ஜ் ரூபாய்கள் இரண்டும் 1940-க்குப் பிற்பட்டவை. அதுவரை ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி இருந்தது, 11.66 கிராம் எடையில் ஏறக்குறைய 10.7 கிராம். 1940-இல் அது பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947 முதல் ரூபாயில் வெள்ளியே இல்லை. எங்கும் மிகுதியாகக் கிடைக்கும் அந்த இரண்டையும் படம் எடுத்து, எடை குறித்துக்கொண்டு, கொலுசுக்கு விட்டுக்கொடுத்தேன். மற்ற மூன்றும் நின்றன. பிள்ளை கொலுசு போட்டு ஓடுகிறாள். நாலு பேர் காதும் கேட்கிறது.

இந்த இடத்தில், புதிதாகத் தொடங்க விரும்பும் நண்பர்களுக்கு நான் கற்ற சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

தொடக்கம் வீட்டுப் பெட்டியாக இருக்கட்டும். அதில் இல்லையென்றால் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் நல்ல தொடக்கம். நிறையக் கிடைக்கும், விலையும் வெள்ளி விலையிலிருந்து மிகத் தொலைவில் இராது. அதிலேயே படிக்க எவ்வளவோ உண்டு. 1911-ஆம் ஆண்டு ரூபாயில் அரசர் மேலங்கியிலுள்ள யானை பன்றிபோல் தெரிகிறது என்று மக்கள் மனம் புண்பட, பெரும்பகுதி திரும்ப உருக்கப்பட்டது; 1912 முதல் யானையின் துதிக்கை தெளிவாயிற்று. விக்டோரியா ரூபாயில் 1862 என்ற ஆண்டைக் கண்டு அவ்வாண்டே அடித்தது என்று முடிவு செய்யாதீர்கள். 1874 வரை அந்த ஒரே ஆண்டைப் பொறித்தே அடித்தனர். திருவிதாங்கூர்க் காசில் 1116 என்றிருந்தால் மயங்கவேண்டா. அது கொல்லம் ஆண்டு, அதாவது 1940-41. 1939-ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிது. அரிது என்பதாலேயே போலி மிகுதி. மலிவாகக் கிடைத்தால் கைகூப்பி விலகிவிடுங்கள்.

காந்தமும் சிறு தராசும் வாங்குங்கள். எடை குறைந்தால் ஐயுறுங்கள். காசின் விளிம்பில் வார்ப்புக் கோடு தெரிந்தால் அது அச்சடித்ததன்று, வார்த்தது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்கு அழகாவது காசுக்கு அழிவு. நூறாண்டில் படிந்த கறுப்பு ஒரு நிமிடத்தில் போகும், திரும்ப வராது. முகத்தைத் தொடாமல் விளிம்பைப் பிடித்து எடுங்கள். மலிவான பிளாஸ்டிக் உறையில் அடைத்தால் நாளடைவில் பச்சை பூக்கும். தனித்தனிக் காகித உறை மேல். அந்த உறையின்மீது யாரிடமிருந்து வந்தது, எந்த ஊர், எந்த நாள், எத்தனை கிராம் என்று எழுதுங்கள். எழுதாத காசு ஊமை.

இனி மன்றம் வாங்கவேண்டும் என்ற பேச்சுக்கு வருகிறேன்.

சோழர் காசும் சேரர் காசும் வணிகரிடம் எங்கிருந்து வருகின்றன? போலியென்றால் ஏமாந்தோம், அதோடு போயிற்று. மெய்யானது என்றால்தான் கேள்வி பெரிது. அது மண்ணிலிருந்தோ ஆற்றிலிருந்தோ யாரோ எடுத்தது. எங்கே, எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தது என்பது அழிந்துபோயிற்று. 1946-இல் திருச்சூர்ப் பக்கம் எய்யாலில் ஒரு புதையல் கிடைத்தது. உரோமப் பொற்காசு, உரோம வெள்ளிக்காசு, நம் நாட்டு முத்திரை குத்திய வெள்ளிக்காசு மூன்றும் ஒன்றாக இருந்தன. மூன்றையும் ஒரே கை சேர்த்து வைத்தது என்பதே அப்புதையல் சொன்ன செய்தி. தனித்தனியே விற்றிருந்தால் மூன்று வகைக் காசு இருந்திருக்கும். அந்தச் செய்தி இருந்திராது.

“கரூர் அமராவதி ஆற்றுக் காசுகளை வாங்கித் திரட்டியவர்களால்தானே சங்ககாலச் சேரர் பெயரே காசில் கிடைத்தது?” என்று நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. மாக்கோதை, குட்டுவன் கோதை என்று தமிழி எழுத்தில் பெயர் பொறித்த வெள்ளிக்காசுகள் கரூரில் கிடைத்து, இரா. கிருஷ்ணமூர்த்தி போன்ற அறிஞர் கைக்கு வந்திராவிட்டால் பட்டறை உலைக்கே போயிருக்கக்கூடும். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் எழுத்தைப் படித்தார், படத்தோடு அச்சிட்டார், பிறர் மறுக்க வாய்ப்பளித்தார். நம்மால் அது முடியுமா? தமிழி எழுத்தில் தன் பெயரை எழுதத் தெரிந்தவர் நம் மன்றத்தில் எத்தனை பேர்? தெரியாத கை வாங்கும் ஒவ்வொரு காசும் அடுத்த போலிக்கு முன்பணம். அடுத்த குழிக்குக் கூலி.

விழிஞ்ஞத்தில் மண் புரளும் காலம் இது. அங்கே நடந்த அகழாய்வில் மேற்கு ஆசியப் பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. நாளை அந்தக் கரையில் மெய்யாகவே ஒரு வெள்ளிக்காசு வெளிப்படலாம். “வெளியே சொல்லாதே” என்று அது நம்மிடம் வந்தால் நாம் வாங்குவோரா, அறிவிப்போரா? 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டமும், கேரளம் 1968-இல் செய்த சட்டமும் புதையலை அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்கின்றன. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லமுடியாது. இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்து படிக்கும் நண்பர்கள் ஊருக்குக் கொண்டுபோகும் பரிசாக இத்தகைய காசை எண்ணாதிருக்க இதனைச் சொல்கிறேன்.

சட்டம் கிடக்கட்டும். 2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் செங்களாயியில், ரப்பர்த் தோட்டத்தில் மழைக்குழி வெட்டிய வேலைஉறுதித் திட்டப் பெண்கள் ஒரு கலத்தைக் கண்டார்கள். வெடிகுண்டோ என்று முதலில் அஞ்சினார்கள். திறந்தால் பொன்னும் முத்தும் வெள்ளிக்காசும்! நாட்கூலிக்கு வெட்டிய அந்தக் கைகள் அதைப் பிரித்துக்கொள்ளவில்லை. அதிகாரிகளுக்கு அறிவித்து ஒப்படைத்தன. அவர்களில் எவரும் நாணயவியல் படித்தவராக இருக்கத் தேவையில்லை, நாணயம் இருந்தது. பட்டம் வாங்க வந்திருக்கும் நாம் அவர்களுக்குக் கீழே நிற்கலாமா?

ஆகவே என் கருத்து இது. மன்றம் ஒரு காசும் வாங்கவேண்டா. விழாவுக்கு இன்னும் ஒரு விடுமுறை இருக்கிறது. ஒவ்வொருவரும் ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெட்டியில், பாட்டியின் சுருக்குப் பையில், பூசை அறையில் கிடக்கும் ஒரே ஒரு வெள்ளிக்காசைப் பாருங்கள். இருபுறமும் படம் எடுங்கள், எடை போடுங்கள், அதன் கதையைக் கேட்டு அரைப்பக்கம் எழுதி வாருங்கள். காசைக் கொண்டுவரக்கூடத் தேவையில்லை. அரைப்பக்கங்களைச் சேர்த்து ஒரு பதிவேடு செய்வோம்; அதுவே நம் கண்காட்சி. ஒதுக்க நினைத்த தொகையில் ஒரு பஸ் பிடித்து நெடுமங்காடு போவோம். அங்கே கோயிக்கல் அரண்மனையில் தொல்லியல் துறையின் நாணய அருங்காட்சியகம் இருக்கிறது. கலியுகராயன் பணத்தையும் கொச்சிப் புத்தனையும் அங்கே கண்ணாரக் காணலாம். பார்த்துப் பழகிய கண்ணே பிறகு கடைவீதியில் நம்மைக் காக்கும்.

என்னுடைய திரட்டு இன்று மூன்று காசு: ஒரு ரூபாய், ஒரு பணம், ஒரு சக்கரம். மூன்றின் உறையிலும் ஆச்சியின் பெயரும் ஊரும் நாளும் எழுதியிருக்கிறேன். அதே பெட்டியில் நான்காவதாக அந்த இரும்புப் புலியும் இருக்கிறது. எறிந்துவிடச் சொன்னார் அறைத்தோழர். நான் எறியவில்லை. அதன் உறைமேல் “விழிஞ்ஞம், அறுநூறு ரூபாய், கேட்காமல் வாங்கியது” என்று எழுதி வைத்திருக்கிறேன். விழாவில் அதையும் வைப்பதாக இருந்தால், முதல் மேசையிலேயே வையுங்கள்.